டாங்கிக்குள் பூ முடிச்சு

கண்டியில் என்னைக் கள்ளன் என்று சொன்னவர் ஒரே ஒரு ஆள்தான். ஆனால் அந்த மனிதர் அதைக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் வாசலில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அரசாங்க அதிபர் அலுவலகமான கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஐயா. வெள்ளை வேட்டி, திருநீறு, கையில் எப்போதும் மடக்கிய குடை. நான் ரேடியோ திருத்துகிறவன். தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். என் அம்மா அதே கோவில் வாசலில் பூக்கட்டி விற்றவள். ஊர் யாரை நம்பும்? இதற்கு யோசிக்கவா வேண்டும்?

எங்கள் தொழிலில் திறமை இரண்டாவதுதான். முதலில் கைசுத்தம் வேண்டும். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் அவர் சாமானைத் திறந்து குடைகிறவன் நான். அவன் கை நீளம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், சோல்டரிங் அயனைத் தூக்கி வீசிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். அந்தப் பேச்சைத்தான் ஐயா கிளப்பிவிட்டார். அதுவும் ஒரு விளையாட்டு டாங்கிக்காக.

டாங்கி அவருடைய மகனுடையது. பேராதனையில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. லண்டனில் இருந்த தாய்மாமன் அனுப்பியது. சப்பாத்துப் பெட்டியைவிடப் பெரியது, அடிப்பாகம் முழுக்க இரும்பு, ரிமோட்டில் ஓடும். உள்ளே வயர்கள் தொளதொளவென்று கிடந்ததால் பல்சக்கரம் அவற்றை உரசி உரசி அறுத்துவிட்டது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்பக்கச் சந்தில் அப்போது எனக்கு ஒரு கடை இருந்தது. அங்கே கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"அண்ணை, வயர் எல்லாத்தையும் புதுசாப் போட்டுத் தாங்கோ. இன்னொண்டு, நான் இடக்கைக்காரன். ரிமோட்டிலை ஓட்டுற கம்பி இடப்பக்கம் வரவேணும், பீரங்கி திருப்பிறது வலப்பக்கம். செய்யேலுமோ?"

"செய்யலாம் தம்பி. ஆனா வேற யாரும் ஓட்ட முடியாதே?"

"வேற ஆர் ஓட்டுறது?" என்று சிரித்தான். நல்ல பிள்ளை. அப்பனுடைய மூக்கு இருந்தது, நாக்கு இல்லை.

செய்து கொடுத்தேன் என்று சொல்லத்தான் ஆசை. செய்தேன், கொடுக்க முடியவில்லை. வயரை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் பூக்கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கினேன். அது என் அம்மாவிடமிருந்து கையோடு வந்த பழக்கம். நூல் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, விரலைத் திருப்பி வளையத்தை மாட்டி இழுக்க வேண்டும். அம்மா அளவு தெரிவதற்காக ஒரு சாணுக்கு ஒரு வெறும் முடிச்சு, பூ வைக்காமல், போடுவாள். நானும் போடுவேன். எதற்கென்று கேட்டால் எனக்குத் தெரியாது. வயரில் என்ன அளவு வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் கை போடும். மற்ற மெக்கானிக்மார் கேலி பண்ணுவார்கள். ஆனால் நான் கட்டிய வயர் எந்தச் சக்கரத்திலும் போய் மாட்டாது.

டாங்கி ஓடியது. சந்தில் விட்டுப் பார்த்தோம். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனான். அந்த வாரம்தான் எண்பத்து மூன்றாம் ஆண்டு யூலைக் கலவரம் கண்டிக்கும் வந்து சேர்ந்தது.

கடை எரிந்ததை நான் பார்க்கவில்லை. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோவிலில் போய்க் கிடந்தேன். திரும்பி வந்தபோது கூரைத் தகரம் கீழே கிடந்தது. அதற்குக் கீழே சாம்பல். அதைக் கிளறிக்கொண்டு நான் நின்ற நேரத்தில்தான் ஐயா குடையோடு வந்தார். அவருடைய வீடு அம்பிட்டிய ஏற்றத்தில். பக்கத்துச் சிங்கள வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று காப்பாற்றியதால் ஒரு ஓடுகூட உடையவில்லை. நல்லது, அதற்கு எனக்கு வயிறு எரியவில்லை. பாவம், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

"என்ரை மகன்ரை டாங்கி எங்கை?" என்றார்.

"எல்லாம் போச்சுங்க ஐயா. பாக்குறீங்கதானே."

குடைக் கம்பியால் சாம்பலைக் குத்திக் குத்திப் பார்த்தார். டிரான்ஸ்போமர் ஒன்று வந்தது. உருகிய ரேடியோச் சட்டங்கள் வந்தன. ஒரு பழைய டிவியின் எலும்புக்கூடு வந்தது. "இரும்பு எரியாது," என்றார். "மற்றவங்கடை சாமான் எல்லாம் கிடக்குது. டாங்கியை மட்டும் காணேல்லை."

"மொதல்ல உள்ள பூந்து அள்ளிட்டுத்தாங்க நெருப்பு வச்சிருக்கானுங்க."

"டிவியை விட்டுப்போட்டு விளையாட்டுச் சாமானையோ தூக்கினவங்கள்?"

கொள்ளையடிக்க வந்தவன் எதை எடுப்பான், எதை விடுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அவனோடு கூடவா போனேன்? நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அன்றைக்கே நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். சாம்பலில் நிற்கிறவனிடம் கணக்குக் கேட்கிற மனிதருக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது?

மகன் படிப்பை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டான். போனவனிடமிருந்து கொஞ்ச நாள் தகவல் வந்தது, பிறகு நின்றுவிட்டது. எங்கே, யாரோடு, இருக்கிறானா இல்லையா, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஐயா கோவில் வாசலில் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது. "கடை எரிஞ்சதைச் சாட்டி என்ரை பிள்ளையின்ரை சாமானை விழுங்கின கள்ளன்." பக்கத்தில் அவர் மனைவி நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பக்கம் பேசவும் இல்லை, என் பக்கம் பேசவும் இல்லை. அவருக்குத் துக்கம் இருந்தது, எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவர் துக்கத்துக்கு என் பெயரையா தின்னக் கொடுப்பது?

தமிழ் வீடுகளிலிருந்து வேலை வருவது நின்றது. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. "பிறகு கொண்டுவாறம்" என்றார்கள், அவ்வளவுதான். கடைசியில் கெலிஓயாவுக்குப் போனேன். அங்கே நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் ஒருவர் வைத்திருந்த ஹார்ட்வேர் கடையில், சீமெந்து மூட்டைகளுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவில், ஒரு மேசை போட இடம் கிடைத்தது. சிங்களவர்கள் வந்தார்கள், முஸ்லிம்கள் வந்தார்கள். என் கடையை எரித்தவர்கள் எந்த ஆட்களோ அந்த ஆட்கள் என்னிடம் ரேடியோவை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் ஆட்கள் கொடுக்கவில்லை. இதை நினைத்து நான் சிரித்ததும் உண்டு, மேசையில் குத்தியதும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், யுத்தம் வடக்கில் கொதித்துக்கொண்டிருந்த காலம், தெல்தெனியாவிலிருந்து ஒரு பஸ் முதலாளி வேனில் வந்து இறங்கினார். சிங்களவர். தங்கச் சங்கிலி, சிரித்த முகம். டிரைவர் பின்னால் ஒரு பெட்டியைத் தூக்கிவந்தான். பெட்டிக்குள் டாங்கி.

எனக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. மேலே பச்சையும் காப்பி நிறமுமாகப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சிங்கக் கொடி ஒன்று ஒட்டியிருந்தது. முதலாளியின் மகன் ஆர்மியில் இருந்தானாம். லீவில் வரப்போகிறானாம். வீட்டில் விருந்து. அன்றைக்கு முற்றத்தில் இதை ஓட்டிக் காட்ட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த புது ரிமோட் செட்டும், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற இரண்டு சின்ன சர்க்கிட் பலகைகளும் அவரிடம் இருந்தன. "பழசை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் பாஸ் உன்னெஹே," என்று சிங்களத்தில் சொன்னார். மேசன், தச்சன், மெக்கானிக் எல்லோரையும் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். நல்ல மரியாதை.

அவர் போன பிறகு திருகாணிகளைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினேன்.

பூ முடிச்சு. வரிசையாக. நூல் கறுத்துப் போயிருந்தது, மெழுகில் தூசி ஏறியிருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு சாணுக்கு ஒரு வெறும் முடிச்சு. இலங்கை முழுக்கத் தேடினாலும் இப்படி வயர் கட்டுகிற கிறுக்கன் வேறு ஒருவன் இருக்கமாட்டான். கள்ளன் என்று பெயர் வாங்கிக்கொடுத்த சாமான், சிங்கக் கொடி ஒட்டிக்கொண்டு என் மேசையில் உட்கார்ந்திருந்தது.

நானாவிடம் சொன்னேன். கடைக்குள் ஆள் இல்லையா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார். "பாஸ், வாய மூடிக்கிட்டு வேலய முடிச்சுக் குடுங்க. அந்தாள்ட மகன் ஆர்மி. நீங்க தமிழாள். எங்கேந்து எடுத்தீங்கன்னு கேட்டா என்ன அர்த்தம்? கடை ஒடச்சவன் நீயான்னு கேக்குற மாதிரித்தானே?"

அதுவும் சரிதான். ஆனாலும் அடுத்த தடவை முதலாளி வந்தபோது, வேலையில் கண் வைத்தபடி, சும்மா கேட்கிற மாதிரி, மரியாதைக்கு ஒரு மாத்தயா போட்டு, இது எங்கே வாங்கியது என்று கேட்டேன். ரொம்ப நாளாக வீட்டில் கிடந்தது என்றார். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. யாரிடமாவது வாங்கியிருக்கலாம். யாராவது கொடுத்திருக்கலாம். அவரே கதவை உடைத்திருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விற்பீர்களா என்றும் கேட்டேன். பெரிய பகிடி கேட்ட மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேல் சூடான ஈயத்தை ஊற்ற வேண்டும் போல இருந்தது எனக்கு.

வேலையைச் செய்தேன். பழைய டாங்கியில் வேகத்தைக் குறைக்க ஒரு கம்பிச்சுருள் இருந்தது. மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைப் பாதி வழியில் தின்று, சூடாகத் துப்பிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினேன். இரண்டு பக்கச் சங்கிலிப் பட்டைக்கும் ஆளுக்கொரு மோட்டார், மோட்டாருக்கு ஒன்றாகப் புதுப் பலகை. மோட்டாருக்குத் தடித்த வயர், ரிமோட்டின் சொல்லைக் கேட்கிற ரிசீவருக்கு மெல்லிய வயரும் தனிப் பற்றரியும். மோட்டார் சுழலும்போது உள்ளே பொறி பறக்கும். அது ரிசீவரைக் குழப்பி டாங்கியைப் பேய் பிடித்த மாதிரி உதற வைக்கும். அதற்கு ஒவ்வொரு மோட்டாரிலும் கபாசிட்டர் வைத்து அடக்கினேன். வேலையில் குறை வைக்க எனக்குத் தெரியாது, எதிரிக்கென்றாலும். ஆனால் புது வயரைப் பூ முடிச்சால் கட்டவில்லை. பிளாஸ்டிக் பட்டி போட்டு இறுக்கினேன். அந்த ஆளுக்கு என் அம்மாவின் முடிச்சு கிடையாது.

பழைய வயரை நான் வெட்டவில்லை. ஒவ்வொரு ஈய ஒட்டாக உருக்கி, நெத்தலியில் முள் உருவுகிற மாதிரி, முழுசாக ஒரே கட்டாக வெளியே எடுத்தேன். பிடுங்கி எறியச் சொன்னவர் அவர்தானே. எறிகிற சாமானுக்கு நான் சொந்தக்காரன். அதுதான் என் ஆதாரம். அதைக் கொண்டுபோய் ஐயாவின் முகத்துக்கு முன்னால் போடுகிற காட்சியை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கம்.

இன்னொரு வேலையும் செய்தேன். புது ரிமோட்டில் எந்தக் கம்பி எதை அசைக்கும் என்பது ரிசீவரில் செருகுகிற இடத்தைப் பொறுத்தது. வலக்கைக்காரனுக்கு மாற்றிப் போட ஒரு நிமிஷம் போதும். நான் பழைய இடக்கை மாதிரியே செருகினேன். முதலாளி வந்து சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் ஓட்டிப் பார்த்தார். வலக் கையால் ஓட்டப் போனால் பீரங்கி சுற்றியது. பீரங்கியைத் திருப்பப் போனால் டாங்கி பாய்ந்து போய் அவருடைய சப்பாத்தில் முட்டியது. மாற்றித் தரச் சொன்னார்.

"இந்த டாங்கி அப்படித்தான் மாத்தயா," என்றேன். "மாற்றினால் பலகை எரிந்துவிடும்."

பச்சைப் பொய். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னேன். நம்பிவிட்டார். மகன் பழகிக்கொள்வான் என்று தூக்கிக்கொண்டு போனார். படட்டும், இடக்கைப் பிள்ளையின் டாங்கியை இடக்கையால்தான் ஓட்டட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

மறுநாள் வயர்க் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்டி பஸ் ஏறினேன். வயரும் கையுமாகத் திரிகிற தமிழனை அந்தக் காலத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியாதவன் இல்லை நான். கெட்டம்பேயில் செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த ஆர்மிக்காரன் வயரைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்றான். அடையாள அட்டையைக் காட்டி, ரேடியோ திருத்துகிறவன், பழைய வயர் என்றேன். அவன் முடிச்சுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பெரியவனைக் கூப்பிட்டான். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. வெயிலில் நிற்க வைத்துக் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் பெரியவன் அதை என் கழுத்தில் மாலையாகப் போட்டு, போ என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன், திரும்பி வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அன்றைக்கு என் பெயரைத் திருப்பி வாங்காமல் விடுவதில்லை என்ற வெறி.

ஐயா முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். கிழண்டு போயிருந்தார். குடை சுவரில் சாய்ந்திருந்தது. அவர் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. வயர்க் கட்டை அவர் முன்னால் மேசையில் போட்டேன்.

"பாருங்க ஐயா. உங்க மகனோட டாங்கிக்குள்ள இருந்த வயர். என் கையால கட்டினது. இப்ப டாங்கி தெல்தெனியாவுல ஒரு பஸ் முதலாளி வீட்டுல இருக்கு. என்கிட்டயே வேலைக்கு வந்துச்சு. அன்னைக்குக் கடைய ஒடச்சு எடுத்தது இது. நான் எடுக்கலங்க. இப்பயாவது நம்புறீங்களா?"

அவர் கண்ணாடியைப் போட்டார். வயரை எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். முடிச்சு முடிச்சாகப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த நிமிஷத்துக்காகத்தானே காத்திருந்தேன்.

"உள்ளுக்கை இருந்த வயர் உன்ரை கையிலை இருக்குது," என்றார் நிதானமாக. "அப்ப டாங்கியும் உன்ரை கையிலைதானே இருந்திருக்குது இவ்வளவு காலமும்."

"ஐயா, அந்த முதலாளிக்கிட்ட போய்க் கேட்டுப் பாருங்க. வீட்டைக் காட்டுறேன்."

"நான் போய்ச் சிங்கள முதலாளியிட்டை, நீர் எரிச்ச கடையிலை எடுத்த சாமானோ எண்டு கேக்கவோ? நான் போகமாட்டன் எண்டு தெரிஞ்சுதானே அந்த ஆளைச் சாட்டுறாய். வித்துப்போட்டு வந்து கதை விடுறாய்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய அடி, அவர் சொன்னதில் ஓட்டை இல்லை என்பது. டாங்கியின் குடலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, டாங்கியை நான் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணுகிறவனை யார் நம்புவார்கள்? கெலிஓயாவிலிருந்து கெட்டம்பே வரைக்கும், கெட்டம்பேயிலிருந்து இந்த வாசல் வரைக்கும், இது என் மூளையில் ஏறவே இல்லை. கோபம் மூக்குக்கு மேல் நின்றால் மூளை எங்கே வேலை செய்யும்?

இன்னும் ஒரு வழி இருந்தது. டாங்கி என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை, குப்பை யாவாரியிடம் இந்த வயர் மட்டும்தான் கிடந்தது, அடையாளம் கண்டு எடுத்து வந்தேன், டாங்கி எப்போதோ உடைந்து இரும்பாகப் போய்விட்டது, முதலாளி கதை கோபத்தில் சொன்னது என்று மாற்றிச் சொல்லலாம். அதை யாரும் போய்ப் பார்க்க முடியாது. ஒருவேளை நம்புவார். முதலாளியிடம் பொய் சொன்ன வாய்தானே இது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா வாசலை விட்டு இறங்கி வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. வயரைக் கணவன் கையிலிருந்து வாங்கினாள். அவர் விட்டுவிட்டார்.

"அது இன்னும் ஓடுதோ?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது டாங்கியைத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவன் யாராக இருந்தாலும், அது இரும்பாகப் போய்விட்டது என்று சொல்லியிருக்க மாட்டான்.

"ஓடுதும்மா," என்றேன். "புது வயர், புது ரிமோட், எல்லாம் போட்டேன். நல்லா ஓடுது. ஓட்டுற கம்பி இன்னும் இடது கையிலதான் இருக்கு. மாத்தச் சொன்னாங்க. நான் மாத்தல."

அவள் வயரை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். இடது கை என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அழவில்லை. விரல் ஒவ்வொரு முடிச்சாகப் போனது.

"கேட்டியே?" என்றார் ஐயா, அவளைப் பார்த்து. "தன்ரை வாயாலையே சொல்லுறான்."

நான் இறங்கி நடந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்: அவனே வீடு தேடி வந்து ஒப்புக்கொண்டான், டாங்கிக்குப் புது வயர்கூடப் போட்டு ஓட்டுகிறானாம் என்று. அதற்குப் பிறகும் கண்டியில் ஒரு தமிழ் வீடும் எனக்கு வேலை தரவில்லை. அந்த மனிதரை நான் இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அந்த அம்மா மறுபடி வந்து கேட்டால், ஓடுதும்மா, இடது கையிலதான் என்றுதான் சொல்வேன்.